பெரிய டாக்டரின் இடது கை

ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கையெழுத்து உங்களுக்கு அடையாளம் தெரியாது. நீங்கள் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் இரட்டைக் கோடு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது பத்தாம் வகுப்பு. உங்கள் தம்பியின் மகள். முகவரி கொடுத்தது அம்மா. “எழுதுனா எழுது, நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாத” என்றாள். சொல்லிவிட்டேன். முதல் கடிதத்திலேயே எதையாவது மறைத்தால் பிறகு எல்லாவற்றையும் மறைக்க வேண்டி வரும் என்று தோன்றியது.

அப்பா ஒரு தொலைக்காட்சிப் படம் எடுக்கிறார். எழுதுவதும் இயக்குவதும் அவரே. பெரிய டாக்டரின் வாழ்க்கைக் கதை. நம் நாட்டில் முதன்முதலில் இதயத்துக்குள் விரலை விட்டு ஒருவரைப் பிழைக்க வைத்த அறுவை சிகிச்சையை அவர்தான் செய்தார் என்று எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நீங்கள் அப்போது அவரிடம் உதவி டாக்டராக இருந்தீர்கள் என்று அம்மா சொன்னாள். அவர் இறந்த பிறகு ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய மகன், பழைய அறுவை அரங்கிலேயே படம் எடுக்க அனுமதி தந்திருக்கிறார். படப்பிடிப்பு முடிந்ததும் அதை இடிக்கப்போகிறார்கள். அந்த மகனை எல்லோரும் சின்ன டாக்டர் என்கிறார்கள். அவர் மருத்துவம் படிக்கவில்லை. அப்பா பெரிய டாக்டர் என்பதால் இவர் சின்ன டாக்டர், அவ்வளவுதான்.

என் சங்கடம் இதுதான். அப்பாவின் திரைக்கதையில் அந்த முக்கியமான இடத்தில் “டாக்டர் இதயத்தைத் தொடுகிறார். இசை” என்று மட்டும் இருக்கிறது. எப்படித் தொடுவார், எந்தப் பக்கம் நிற்பார் என்று கேட்டேன். “மூஞ்சிய மூடித்தான நிப்பாங்க, யாரு பாக்கப்போறா” என்றார். டாக்டர்கள் பார்ப்பார்களே! அத்தையைக் கேட்கலாம் என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் ஏன் பேசுவதில்லை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

படத்தில் நீங்களும் வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெயர் இல்லை, ‘பெண் டாக்டர்’ என்று இருக்கிறது. கத்தியைப் பார்த்ததும் மயங்கி விழுகிறார். பெரிய டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “யாராவது அந்தப் பொண்ணத் தூக்குங்கப்பா” என்கிறார். அப்பா படித்துக் காட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படித்தான் நடந்ததா?

உங்கள் மருமகள்


ஜூன் 17

மருமகளுக்கு,

கேள்விகளை வரிசையாகக் கேட்டிருக்கிறாய். கேள்வியே கேட்காத வீட்டில் எப்படிப் பிறந்தாயோ தெரியவில்லை.

நான் இங்கே ஒரு தையல் கடைக்கு மேல் இரண்டு அறையில் இருக்கிறேன். இந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் குடலிறக்கமும் கொழுப்புக்கட்டியும் அறுத்தே காலம் போனது. இப்போது ஓய்வு. கீழே மிஷின் ஓடும் சத்தத்தில் இதை எழுதுகிறேன்.

மயங்கி விழுந்ததைப் பிறகு பார்க்கலாம். அறுவையை எழுதிக்கொள்.

நோயாளி ஒரு பஸ் டிரைவர். நாலு படி ஏறினால் மூச்சு நின்றுவிடும். இதயத்தின் உள்கதவு ஒன்று சுருங்கிப் பொத்தான் துளை அளவுக்கு ஆகிவிட்டது. அவரை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடது கையை மேலே தூக்கிக் கட்டி, இடப்பக்க விலா எலும்புகளுக்கு நடுவில் கீறினார்கள். இதயத்தின் மேல் காது மாதிரி ஒரு சின்ன மடல் தொங்கும். அதன் அடியில் சுருக்குப்பைக்குப் போடுவதுபோல நூலை ஓட்டி, மடலை வெட்டி, அந்த ஓட்டைக்குள் ஆள்காட்டி விரலை விட வேண்டும். விட்ட உடனே உதவியாளர் நூலை இழுத்து விரலைச் சுற்றி இறுக்குவார். விரல் உள்ளே இருக்கும்வரை ரத்தம் போக வழியில்லை. மூன்று துடிப்புக்குள் கதவைக் கண்டுபிடித்துப் பிளந்துவிட வேண்டும். ஈரத் துணி கிழிவதுபோல இருக்கும். காதுக்குக் கேட்காது, விரலுக்குக் கேட்கும்.

அந்த விரல் இடது கை ஆள்காட்டி விரல். கத்தரியை இடது உள்ளங்கையில் வைக்க வேண்டும். அன்றைக்கு நர்ஸ் பழக்கதோஷத்தில் வலது பக்கமே நீட்டிக்கொண்டிருந்து திட்டு வாங்கினாள். உன் அப்பாவுடைய நடிகரை இடது கையால் பழகச் சொல். இதில் ஒன்றை மாற்றினாலும் பார்க்கிற டாக்டர்கள் சிரிப்பார்கள்.

நான் சொன்னதாகச் சொல்லாதே. பழைய மருத்துவப் புத்தகத்தில் இருந்தது என்று சொல். அந்தப் புத்தகங்களைவிட நான் பழையவள், பெரிய பொய்யாகாது.

அத்தை


ஜூலை 20

அன்புள்ள அத்தைக்கு,

அந்தக் காட்சியை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு நான் போயிருந்தேன்.

நடிகர் மிகவும் சிரத்தையானவர். மூன்று வாரமாக இடது கையால்தான் எழுதினார், கதவைத் திறந்தார், காபி குடித்தார். சட்டையெல்லாம் காபி. பஸ் டிரைவராக நடித்தவர் ஒருக்களித்துப் படுத்தபடியே தூங்கிப்போய்க் குறட்டை விட்டதால் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. இதயம் ரப்பரால் செய்தது. மேஜைக்கு அடியில் ஒருவர் உட்கார்ந்து காற்றடித்துத் துடிக்க வைத்தார்.

நடிகர் இடது கையை நீட்டினார். நர்ஸ் கத்தரியை வலது பக்கம் கொடுத்து, திட்டு வாங்கி, மாற்றிக் கொடுத்தாள். விரல் உள்ளே போனது. எல்லாம் நீங்கள் எழுதியபடியே. காட்சி முடிந்தும் அப்பா ‘கட்’ சொல்லவில்லை. நடிகர் விரலை உள்ளே வைத்துக்கொண்டே, “சார், எடுக்கலாமா?” என்று கேட்டார். அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். திரும்பி வந்து “ஓகே” என்றார். ஒரே ஒரு சொல்.

நான் அந்த வராந்தாவில் நடந்து பார்த்தேன். பெரிய டாக்டரின் புகைப்படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. ரிப்பன் வெட்டுகிறார், கையெழுத்துப் போடுகிறார், குழந்தைக்கு ஊசி போடுகிறார். எல்லாப் படத்திலும் வலது கை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், அத்தை எந்தக் கையால் எழுதுவார் என்று மட்டும் கேட்டேன். “அவங்க பீச்சாங்கைதான். அத வச்சு உங்கப்பா சின்ன வயசுல ஓயாமக் கேலி பண்ணுவாராம்” என்றாள்.

மயங்கி விழும் காட்சியையும் எடுத்தார்கள். அந்த நடிகை நன்றாக விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தை, நீங்கள் எழுதி அனுப்பியது யாருடைய கை?

உங்கள் மருமகள்


ஜூலை 28

மருமகளுக்கு,

எப்படி நடந்தது என்று கேட்டாய். நடந்தபடியே எழுதினேன். யார் செய்தது என்று நீ கேட்கவில்லை. இப்போதுதான் கேட்டிருக்கிறாய். நான்.

பெரிய டாக்டருக்கு அன்றைக்கு நகச்சுற்று. வலது கை ஆள்காட்டி விரல் சீழ் கோத்து, கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அந்த விரலை இதயத்துக்குள் விட்டால் கதவு திறந்தாலும் நோயாளி சீழ் ஏறிச் சாவார். தள்ளிப்போடலாம் என்றால் டிரைவர் விடியும்வரை தாங்கமாட்டார். “நீ பண்ணும்மா” என்றார். செத்த மாடுகளின் இதயத்தில் விரலை விட்டு மாதக்கணக்காகப் பழகியவள் நான்தான், அது அவருக்குத் தெரியும். நான் செய்தேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். மயக்கம் போட்டு விழ எனக்கு நேரம் எங்கே இருந்தது?

டிரைவர் பிழைத்து மறுபடியும் பஸ் ஓட்டினார். அடுத்த நாள் செய்தித்தாளில் பெரிய டாக்டரின் படம் வந்தது, கட்டுப்போட்ட கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு. அவர் அறைக்கே போனேன். கேட்டேன். “எல்லாருமாச் சேந்துதானம்மா செஞ்சோம்” என்றார். அந்த அறையில் மயக்க மருந்து கொடுத்த டாக்டர் இருந்தார். அவரைப் பார்த்தேன். அவர் மேலே விட்டத்தைப் பார்த்தார். மழைக்காலம் முடிவதற்குள் என்னை இந்த ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

செய்தித்தாள் வந்த அன்று சாயங்காலமே உன் அப்பாவிடம் சொன்னேன். அப்போது அவன் தொலைக்காட்சியில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். சிபாரிசு பெரிய டாக்டர். “இப்ப வேணாம்க்கா. வேலை கிடைக்கட்டும், அப்பறம் பேசிக்கலாம்” என்றான். வேலை கிடைத்தது. அப்பறம் இன்னும் வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் அவனே அவரைப் பேட்டி எடுத்து, “அந்த விரலைத் தொட்டுப் பாக்கலாமா டாக்டர்?” என்று கேட்டு, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் தொலைக்காட்சியை அணைத்தேன். அன்றோடு உங்கள் வீட்டுப் படியையும் மறந்தேன். இப்போது என்னை மயங்கி விழவும் வைத்துவிட்டான்.

எனக்கு வேண்டியது இதுதான். ஊரிலுள்ள டாக்டர்கள் எல்லாம் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். மேலே பெரிய டாக்டரின் முகம், கீழே என் கை. அந்த ஆஸ்பத்திரியில் இடது கையால் கத்தி பிடித்தது யார் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். இதற்குப் பெயர் பழி. நீ நிறையப் படிக்கிறவள், வேறு நல்ல சொல் எதையாவது தேடி இதற்கு வைக்காதே.

உன் அப்பாவிடம் சொல்ல நினைத்தால் சொல். அவன் உனக்குச் சோறு போடுகிறவன். நான் கடுதாசி போடுகிறவள்.

அத்தை


ஆகஸ்ட் 14

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கை போய்விட்டது.

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, அவருக்குத்தான் அன்றே தெரிந்துவிட்டதே. அவரே என்னைக் கூப்பிட்டு, “அது உங்கத்தை கைம்மா” என்று சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சொன்னால், நானும் கடிதங்களைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்பதாக இருந்தேன். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, பள்ளிக்கு விடும்போது என்று எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

நேற்றுப் பள்ளி விட்டதும் படத்தொகுப்பு அறைக்குப் போனேன். சின்ன டாக்டர் அப்போதுதான் படத்தைப் பார்த்து முடித்திருந்தார். “எங்கப்பா சோத்துக்கைக்காரருங்க. நீங்க எங்கயோ புத்தகத்துல பாத்தேன்னு பீச்சாங்கையில பண்ண வச்சிருக்கீங்க. மாத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அறுவை அரங்கை இடித்தாயிற்று. நடிகர் வேறு படத்துக்குப் போய் மீசை வைத்துக்கொண்டுவிட்டார். மறுபடி எடுக்க முடியாது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தை, அவர் துடைத்து முடிக்கும்வரை நான் அவருக்காகப் பிரார்த்தனை செய்தேன். அது அக்காவுடைய கை, மாற்றமாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். தொகுப்பாளர் அண்ணன்தான் முதலில் பேசினார். “எதுக்கு சார் கவலை? படத்த அப்படியே கண்ணாடில பாக்கற மாதிரித் திருப்பிருவோம். இடது வலதாயிரும்.” அப்பா, “செய்யிப்பா” என்றார்.

அண்ணன் ஒரு பட்டனைத் தட்டினார். இடது கை வலது கையாகிவிட்டது.

இரண்டு பேரும் கவனமாகத்தான் பார்த்தார்கள். திருப்பினால் எழுத்துகள் இடம்வலம் மாறித் தெரியும் என்று, பெயர்ப்பலகை வருகிற இடத்தை வெட்டினார்கள். கடிகாரம் வருகிற இடத்தை வெட்டினார்கள். எனக்கு மட்டும் வேறொன்று கண்ணில் பட்டது. பஸ் டிரைவர் இப்போது இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தார். வலப்பக்க விலாவில் கீறியிருந்தார்கள். இதயம் வலப்பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் என்னைப் பார்த்து, “பாப்பா, நீதான் புக்கெல்லாம் படிக்கற ஆளாச்சே. பாத்துச் சொல்லு, எதாவது மாறித் தெரியுதா?” என்று கேட்டார். அப்பாவும் திரும்பிப் பார்த்தார்.

“எழுத்து எதுவும் மாறித் தெரியல” என்றேன்.

அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 20

மருமகளுக்கு,

என்னிடமிருந்து அந்தக் கையை முதலில் பெரிய டாக்டர் எடுத்துக்கொண்டார். இப்போது என் தம்பி. அவராவது நகச்சுற்று வந்ததால் எடுத்தார். இவனுக்கு என்ன வந்தது?

உன் விஷயத்துக்கு வருகிறேன். அறுவை அரங்கில் நான் சேர்த்துக்கொண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே சொல்வேன்: பக்கம் மாறுவது தெரிந்தால் கத்து. எதிரே நிற்பது எவ்வளவு பெரிய ஆளானாலும் கத்து. பேசாமல் நிற்கிறவளும் சேர்ந்துதான் கொல்கிறாள். நீ டாக்டருக்குப் படிப்பாய் என்று நினைக்கிறேன். இனி ஒரு தடவை இப்படி வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று தெரிந்தால் நானே வந்து காதைத் திருகுவேன்.

ஆனால் இது ரப்பர் இதயம். ரப்பருக்கு விதிவிலக்கு உண்டு.

திரையிடலுக்குக் கட்டாயம் போ. நடு வரிசையில் உட்கார். யார் முதலில் சிரிக்கிறார்கள் என்று பார்த்து எழுது.

அத்தை


செப்டம்பர் 3

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் சிரித்தது மருத்துவ மாணவர்கள்.

ஒளிபரப்புக்கு முன் ஆஸ்பத்திரியின் பெரிய கூடத்தில் திரையிட்டார்கள். முன்வரிசையில் சின்ன டாக்டர், பக்கத்தில் தொலைக்காட்சி நிலையத்தின் இயக்குநர் அம்மா, அவருக்குப் பக்கத்தில் புதுச் சட்டையில் அப்பா. பின்னால் எல்லா வரிசையிலும் டாக்டர்கள். பெண் டாக்டர் மயங்கி விழுந்தபோது நன்றாகச் சிரித்தார்கள். அப்பா திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். உடனே வலப்பக்க விலாவில் கத்தி வைத்தார்கள். பின்வரிசையில் ஒரு பையன், “டேய், அந்தப் பக்கம் என்னடா தேடுறாரு?” என்றான். இன்னொருவன், “கல்லீரல்ல கதவு இருக்கான்னு பாக்குறாரு” என்றான். அங்கே தொடங்கிய சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. வலப்பக்கத்தில் ரப்பர் இதயம் துடிக்கத் துடிக்க வயதான டாக்டர்கள்கூடக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சின்ன டாக்டருக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு அவரும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

அப்போது ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு வயதானவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். விளக்கைப் போடச் சொன்னார். அன்றைக்கு மயக்க மருந்து கொடுத்தவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

“யாருக்கும் இதயம் இடம் மாறல. படத்தத்தான் திருப்பிப் போட்டிருக்காங்க” என்றார். “நேராப் போடுங்க. அது யாரு கைன்னு நான் சொல்றேன்.”

சிரிப்பு நின்றது. நேராகப் போடவில்லை. அவரும் காத்திருக்கவில்லை. பெரிய டாக்டருக்கு நகச்சுற்று என்றார். உங்கள் பெயரைச் சொன்னார், அத்தை. மைக் இல்லாமல், ஆனால் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புத்தகங்களில்தான் அந்தச் சொல்லைப் படித்திருக்கிறேன்.

மறுநாள் எல்லாச் செய்தித்தாளிலும் வந்துவிட்டது. ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். சின்ன டாக்டர் அப்பாவின் தொலைபேசியை எடுப்பதில்லை. அலுவலகத்தில் அப்பா உள்ளே வந்தால் இதயத்தை வலது கையால் வலப்பக்கம் தொட்டு வணக்கம் சொல்கிறார்களாம். நிலைய இயக்குநர் அம்மா அப்பாவுக்கு ஒரே ஒரு வழி கொடுத்திருக்கிறார்: அந்தக் காட்சியைப் புதிதாக அரங்கம் போட்டு மறுபடி எடுக்க வேண்டும், கைகள் உங்களுடையவையாக இருக்க வேண்டும், உங்களை அழைத்துவருவது அப்பாவின் வேலை. இல்லாவிட்டால் அவருக்கு வேலை இல்லை.

நேற்று அப்பா செருப்பைக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். எதிரே வெள்ளைத்தாள். ‘அக்கா’ என்று எழுதியிருந்தார், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“இதயம் மாறிப்போனது உனக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“அது அத்தை கைன்னு உங்களுக்கு அப்பவே தெரியும். நீங்க ஏன் சொல்லல?”

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தாளை என் பக்கம் தள்ளினார். “நீயே எழுது. உனக்குத்தான் பழக்கம் இருக்கே” என்றார்.

அதனால் இது அவருக்காகவும் எழுதும் கடிதம். வருவீர்களா? எனக்கு அவர் மேல் இன்னும் கோபம்தான். ஆனால் அந்த வெள்ளைத்தாளைப் பார்த்ததிலிருந்து கோபத்தோடு வேறு ஏதோ ஒன்றும் இருக்கிறது. அதற்குப் பெயர் தெரியவில்லை.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 10

மருமகளுக்கு,

மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தால் சொல்: இத்தனை வருஷம் கழித்தாவது மயக்கம் தெளிந்ததே, சந்தோஷம்.

வருகிறேன். உன் அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி.

மயங்கி விழுகிற காட்சியை வெட்ட வேண்டாம். நான் மேஜையில் நிற்கும்போது பின்னால் ஒருவர் விழட்டும். பெரிய டாக்டர் விழுவதாக எடுக்கலாம். சின்ன டாக்டரிடம் அனுமதி வாங்குவது உன் அப்பாவின் பாடு.

பஸ் டிரைவராகக் குறட்டை விட்டவர் வேண்டாம். மேஜையில் உன் அப்பா படுக்க வேண்டும். ஒருக்களித்து, கையை மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில், படப்பிடிப்பு முடியும்வரை. முதல் நாளே விலாவை மழித்துவிட்டு வரச் சொல். மருதாணி பூசுவதுபோல நானே அவனுக்கு மருந்து பூசுவேன், குளிரும்.

நான் கத்தியைத் தொடுவதற்கு முன்னால் எல்லா நோயாளியிடமும் ஒரு கேள்வி கேட்பேன். குடலிறக்கமோ இதயமோ, கேட்காமல் தொட்டதில்லை. ஆள் மாறி, இடம் மாறி அறுத்துவிடக் கூடாதே என்பதற்காக: “உனக்கு ஆபரேஷன் பண்ணப்போறது யாரு?” அந்த பஸ் டிரைவர் மூச்சு வாங்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்து, “நீங்கதாம்மா” என்றார். பெரிய டாக்டர் பக்கத்திலேயே நின்றார்.

அதே கேள்வியை உன் அப்பாவிடம் கேட்பேன். கேமரா ஓட வேண்டும். மைக் கிட்டத்தில் இருக்க வேண்டும். என் பெயரை முழுசாகச் சொல்லி, அக்கா என்றும் சொல்லட்டும். வாய்க்குள் முனகினால் மறுபடி கேட்பேன். அழுதால் நிறுத்தி, முகத்தைத் துடைத்துவிட்டு, மறுபடி கேட்பேன். தெளிவாக வரும்வரை கத்தியை எடுக்கமாட்டேன்.

எத்தனை தடவை எடுத்தாலும் பரவாயில்லை என்று சொல். எனக்கு அவசரமே இல்லை. நான் ஓய்வு பெற்றவள்.

அத்தை